முகம் ஒரு கடையில், சிரிப்பு ஒரு கடையில்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்ன மாப்பிள்ளை எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நான் போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. கடைசியாக அக்காவின் போனுக்குத்தான் கூப்பிட்டேன். "அவர் போன் பேசுறதையே விட்டுட்டார் தம்பி. ஒரு நாள் மெத்தை வாங்கலாமான்னு என்கிட்ட கேட்டார். மறுநாள்ல இருந்து போனைத் திறந்தாலே மெத்தை மெத்தையா வருது. யாரோ ஒட்டுக் கேக்குறாங்கன்னு அணைச்சு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டார்" என்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள் இரண்டு பேர் தபாலில் பேசிக்கொள்வதை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே புதுக் கட்டடம். நான் லிஃப்ட் மாட்ட வந்தவன். அது ஓடும் வரைக்கும் உச்சி மாடிக்கு நானே ஏறி இறங்குகிறேன். முழங்கால் தனியாக ஒரு கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறது. அதை விடுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி அத்தைக்கு அறுபத்தைந்து முடிகிறது. அக்காவும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து ஆல்பம் போடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். இருக்கிற படம் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் அத்தை ஒரே முகம்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஏதோ வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி. ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவரைக்கும் முகக் கவசத்துக்குப் பின்னால் ஓட்டிவிட்டார்கள். வெளியே வந்தால் கை. சிரிப்பு வரும்போதே கை வாய்க்கு வந்துவிடும். அந்த முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறிக்கொண்டு நிற்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் இந்த வீட்டு மாப்பிள்ளைகளின் முதல் கடமை.

ஆனால் என்னிடம் ஒரு படம் இருக்கிறது. அத்தை கையை எடுக்க மறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, எல்லாப் பல்லும் தெரிய விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போன வருடம் அத்தை வீட்டு மொட்டைமாடியில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோமே, அன்று எடுத்தது. எடுத்ததைப் பார்த்துவிட்டார்கள். "மாப்பிள்ளை, அது இந்தக் குடும்பத்தை விட்டு வெளிய போகக் கூடாது. வெளி ஆள் ஒருத்தர் கண்ணுல பட்டுச்சுன்னாலும் உங்ககூடப் பேசமாட்டேன்" என்றார்கள். நான் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது என் வீட்டுக்காரி அந்தப் படம்தான் கடைசிப் பக்கத்தில் வரவேண்டும் என்கிறாள். "அம்மா தன் சிரிப்பை ஒரு தடவையாவது முழுசாப் பார்க்கணும்" என்கிறாள். அடுத்த மூச்சில், "வெளிய யாராவது பார்த்தாங்கன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா, நீங்க லீவுக்கு வர வேண்டாம். அந்த லிஃப்டுக்குள்ளயே குடித்தனம் பண்ணுங்க" என்கிறாள்.

அத்தை தெருவில் இருக்கும் ஸ்டூடியோவில் கொடுக்க முடியாது. ஸ்டூடியோக்காரர் எதிர்வீடு. அவர் மனைவி அத்தையின் கீழே வேலை பார்த்தவர். படம் காய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆன்லைனில் பிரிண்ட் போட்டுத் தரும் கம்பெனியில்தான் கொடுக்க வேண்டும். அதில் பத்திரமாகச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
சின்ன மாப்பிள்ளை


பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் நடுவில் மட்டும் பசை தொட்டிருந்தது. இரண்டு ஓரமும் திறந்து கிடந்தன. யார் வேண்டுமானாலும் ஒரு பென்சிலை நுழைத்துக் கடிதத்தை உருட்டி எடுத்துப் படித்துவிட்டு மறுபடி நுழைத்திருக்கலாம். இது ஆரம்பம்.

நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. குடும்பத்தோடு சுற்றுலா போய்வந்து, படங்களை ஆன்லைனில் பிரிண்ட் போடுகிறேன் என்று நீ ஏற்றினாய். ஏற்றும்போது அந்தத் தொகுப்பை யார் பார்க்கலாம் என்று ஒரு கேள்வி வந்திருக்கும். "இணைப்பு வைத்திருக்கும் எவரும்" என்று அவர்களே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். நீ மாற்றவில்லை. அந்த இணைப்பைக் குடும்பக் குழுவில் போட்டாய். நம் குடும்பக் குழுவில் குடும்பத்தில் இல்லாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது கை மாறிக் கை மாறி எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. அதில் நான் பனியனோடு, முகம் முழுக்க ஷேவிங் நுரையோடு, ஒரு குரங்கைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் மேசை எழுத்தரின் கணினித் திரையில் ஒரு வாரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் தேர்வுத்துறையில் வினாத்தாள் பிரிவுக் கண்காணிப்பாளர். என் கையிலிருந்து ஒரு வினாத்தாள் கசிந்ததில்லை. நான் கசிந்தேன்.

இருந்தாலும் இது அத்தையின் விஷயம். எனக்குப் பெண் கொடுத்தவர்கள். செய்கிறேன். ஆனால் என் முறைப்படிதான் நடக்க வேண்டும்.

படத்தைப் போனில் அனுப்பாதே. மெமரி கார்டில் ஏற்றி, ஒரு உறைக்குள் இன்னொரு உறையாக வைத்து, நான்கு ஓரமும் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பு. அனுப்பியதும் உன் போனில் இருப்பதை அழித்துவிடு. அழித்தது குப்பைக் கூடை என்று ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் அழி. உன்னைக் கேட்காமலே போன் ஒரு பிரதியை ஆகாயத்தில் எங்கேயோ சேமித்து வைத்திருக்கும். அதையும் தேடி அழி. உலகத்தில் ஒரே ஒரு பிரதி, அது என்னிடம். அப்படி இருந்தால்தான் பொறுப்பேற்பேன்.

இன்னொன்று. அத்தை அன்று எதற்காக அப்படிச் சிரித்தார்கள்? நானும் அங்கேதான் இருந்தேன். சிரிக்கும்படி எதுவும் நடந்ததாக நினைவில்லை.

இப்படிக்கு,
பெரிய மாப்பிள்ளை


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்டு இத்துடன் வருகிறது. நான்கு ஓரமும் ஒட்டியிருக்கிறேன். பிரிக்க முடியாமல் நீங்கள் கத்தி எடுத்தால் கார்டை வெட்டிவிடாதீர்கள்.

நீங்கள் சொன்ன மூன்று இடத்திலும் அழித்துவிட்டேன். கடைசி இடத்தில், "நிரந்தரமாக அழிக்கவா? திரும்பக் கிடைக்காது" என்று போன் கேட்டது. கொஞ்ச நேரம் விரல் போகவில்லை, அண்ணே. ராத்திரி அறைக்கு வந்தால் அந்தப் படத்தை ஒரு தரம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். எனக்கு அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அத்தை அப்படிச் சிரிப்பதைப் பார்த்தால் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். சரி, உங்களிடம் இருந்தால் வங்கி லாக்கரில் இருக்கிற மாதிரி என்று தைரியம் சொல்லிக்கொண்டு அமுக்கிவிட்டேன்.

குரங்கு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டிருப்பேன், நீங்கள்தான் என்னைப் பார்த்ததும் எதிர்ப் பக்கம் போய்விட்டீர்கள். அந்த இணைப்பு அப்படித் திறந்து கிடக்கும் என்று சத்தியமாகத் தெரியாது. கதவு வைத்து வீடு கட்டுகிறவன், அதைச் சாத்தித்தானே கொடுப்பான் என்று நினைத்தேன்.

அத்தை எதற்குச் சிரித்தார்களா? ஏதோ பேச்சுவாக்கில்தான். எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

ஒரு வேண்டுகோள். எதற்கெடுத்தாலும் சீல் வைப்பதால் வீட்டில் உங்களுக்கு அரக்கு அண்ணன் என்று ஒரு பேர் உண்டு. நான் வைக்கவில்லை, என் வீட்டுக்காரி வைத்தது. அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டாம். ஒரே ஒரு படம். நல்ல கம்பெனியாகப் பார்த்துச் சாதாரணமாகப் பிரிண்ட் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சின்ன மாப்பிள்ளை


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கார்டு நல்லபடியாக வந்து சேர்ந்தது. பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.

சாதாரணமாகப் பிரிண்ட் போடச் சொல்கிறாய். நான் நான்கு கம்பெனிகளின் விதிமுறைகளை முழுவதும் வாசித்தேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது பதினெட்டாவது ஷரத்தில் இருந்தேன். சாப்பாடு ஆறிவிட்டது, ஆனால் வாசித்தது வீண் போகவில்லை. ஒரு கம்பெனி, நாம் ஏற்றும் படத்தைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. சம்மதக் கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொரு கம்பெனி அச்சடித்த பிறகும் படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், நாம் கேட்டால்தான் அழிக்கும். படத்துக்குள்ளேயே எங்கே, எப்போது எடுத்தது என்ற தகவல் ஒளிந்திருக்கிறது. அத்தை வீட்டு மொட்டைமாடியை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறது. அந்தத் தகவலை முதலில் துடைத்தேன். டிக்கை எல்லாம் எடுத்தேன். கடவுச்சொல்லாக உன்னால் ஊகிக்க முடியாத ஒன்றை வைத்தேன். மற்ற எல்லாப் படங்களையும் ஏற்றி ஆல்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் காலியாக வரும், நாம் ஒட்டிக்கொள்ளலாம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று அக்கா சொல்கிறாள். ஆனால் யோசித்துப் பார். எந்தப் பூட்டு போட்டாலும், அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பான். அவனுக்குக் கண் இருக்கும். அவன் வெளி ஆள். அத்தையின் நிபந்தனை அங்கேயே முறிந்துபோகும்.

இதற்கு எங்கள் துறையில் வழி இருக்கிறது. முக்கியமான வினாத்தாளை நாங்கள் ஒரே அச்சகத்தில் அடிப்பதில்லை. முன்பாதி ஒரு இடத்தில், பின்பாதி வேறு இடத்தில். எந்த ஒரு ஆளும் முழு வினாத்தாளையும் பார்க்க முடியாது. இரண்டும் எங்கள் அறைக்கு வந்த பிறகுதான் ஒன்று சேரும். அதே முறையில், அத்தையின் வாயை மட்டும் சதுரமாக வெட்டித் தனியாக எடுத்துவிட்டேன். முகம் ஒரு கம்பெனிக்கு, சிரிப்பு இன்னொரு கம்பெனிக்கு. முகத்தைப் பார்ப்பவனுக்குச் சிரிப்பு தெரியாது. சிரிப்பைப் பார்ப்பவனுக்கு அது யாருடையது என்று தெரியாது. முகம் வீட்டு முகவரிக்கு வரும், சிரிப்பு அலுவலக முகவரிக்கு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். வெட்டும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் ஏதோ மர மேசையின் கால் என்று நினைத்தது, மேசையின் கால் இல்லை. அது மனிதக் கால். அந்தரத்தில் நிற்கிறது. கட்டம் போட்ட சாக்ஸ். அந்த சாக்ஸ் என்னுடையது.

அன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி நான்கு பக்கமும் காலை விரித்துக்கொண்டு என்னோடு கீழே போனது எனக்கு மறக்கவில்லை. மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நான் விழுந்ததும் அத்தை அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். எனக்குத் தண்ணீர் எடுத்து வரத் திரும்பினார்கள் என்று இத்தனை மாதமும் நன்றியோடு இருந்தேன். நீ தூக்கிவிட ஓடி வரவில்லை என்றும் கவனித்தேன். நீ படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

கால் துண்டு அச்சுக்குப் போகவில்லை. அதை வெட்டி வீட்டுப் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, உறையிலிட்டு, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டியிருக்கிறேன். உனக்கு எதிரான ஆதாரம்.

இப்படிக்கு,
பெரிய மாப்பிள்ளை


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உச்சி மாடியில் உட்கார்ந்து படித்தேன். கால் வரும் இடத்தில் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கைநழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டது. எடுக்க இறங்கி ஏறினேன். நீங்கள் பழிவாங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழுந்தது அல்ல சிரிப்புக்குக் காரணம். விழுந்த விதம்தான். நாற்காலி மெதுவாக, யோசித்து யோசித்துப் போனது. நீங்களும் அதோடு, முதுகை வளைக்காமல், முகம் மாறாமல், டீயும் சிந்தாமல், தேசியக் கொடி இறங்குகிற மாதிரி இறங்கினீர்கள். தரையில் மல்லாந்த பிறகும் கப்பை நேராகப் பிடித்தபடி, "வினாத்தாள் பாதுகாப்புல நாலு கட்டம் இருக்கு" என்று பேச்சைத் தொடர்ந்தீர்கள். அத்தை மட்டும் இல்லை, யாராலும் தாங்க முடியவில்லை. நான் படம் எடுத்தது உங்களை அல்ல, அவர்களை. உங்கள் கால் தானாக வந்து சேர்ந்துகொண்டது.

சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று மறைத்தேன். இப்போது கூடுதலாக வருத்தப்படுகிறீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அண்ணே, வாயைத் தனியாக வெட்டி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வினாத்தாளில் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. மூக்குக்கு அடுத்து வாய் ஒட்டித்தானே இருக்க வேண்டும்? அதற்கு வீட்டுப் பிரிண்டரிலேயே முழுப் படத்தையும் எடுத்திருக்கலாமே?

என் வீட்டுக்காரிக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

இப்படிக்கு,
சின்ன மாப்பிள்ளை


மார்ச் 9

தம்பிக்கு,

நம் வீட்டுப் பிரிண்டரில் எல்லாரும் பச்சையாக வருவார்கள். மை மாற்றியும் பார்த்தாகிவிட்டது. என் கால்கூட ஏதோ குளத்தில் கிடந்தது மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் வெளியே கொடுத்தேன்.

இரண்டு பார்சலும் வந்துவிட்டன. முகம் நல்ல தாளில், மங்கல் அச்சில், கொஞ்சம் நீலம் பூசினாற்போல் வந்திருக்கிறது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம். அதுவரை திட்டப்படிதான்.

சிரிப்பு அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகத்துக்கு வரும் எந்தப் பார்சலையும் தபால் பிரிவில் இரண்டு பேர் முன்னிலையில் பிரிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியைப் போட்டவன் நான்தான். பிரித்துவிட்டார்கள். உள்ளே ஒரு வாய். தேர்வு முறைகேட்டுக்கு ஆதாரமாக யாரோ அனுப்பியது என்று நினைத்துக் கோப்பு எண் போட்டு மூன்று மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குறிப்பில் ஒருவர், "வாய் யாருடையது எனத் தெரியவில்லை. மேல் நடவடிக்கைக்கு" என்று எழுதி என்னிடமே அனுப்பினார். ஒன்றை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு அலுவலகமே பார்த்தும் யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. முறை வென்றுவிட்டது.

ஆனால் அந்தக் கம்பெனி இப்போது எனக்குத் தினமும் மின்னஞ்சல் அனுப்புகிறது. "மதிப்புக்குரிய பல் மருத்துவரே, உங்கள் மருத்துவமனைச் சுவருக்குப் பெரிய அளவுப் படங்கள் சிறப்புத் தள்ளுபடியில்" என்று. படத்தை யாரும் பார்ப்பதில்லை, இயந்திரம்தான் கையாளுகிறது என்று ஷரத்தில் எழுதியிருந்தார்கள். பார்க்காதவர்களுக்குப் பல் எப்படித் தெரிந்தது?

இனி ஒரு சின்னச் சிக்கல். "தாள் நிரம்பும்படி தானாகப் பெரிதாக்கு" என்று ஒரு டிக் இருந்திருக்கிறது. நான் விளம்பர டிக்கைத் தேடிய மும்முரத்தில் அதை விட்டுவிட்டேன். சிரிப்பு பெரிதாகிவிட்டது. பளபளப்புத் தாளில், என் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. முகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். வலது காதில் தொடங்கி இடது காதில் முடிகிறது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுபடி வெட்டி, சரியான அளவில் அச்சடிக்க வேண்டும். நேரம் இருக்கிறது. வெட்டியதும் முழுப் படத்தை நான் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். ஏற்றியதும் துண்டுகளையும் அழித்தேன். இரண்டு கம்பெனிகளுக்கும் எழுதி அவர்கள் பிரதியையும் அழிக்க வைத்து, அழித்ததாகக் கடிதமும் வாங்கிவிட்டேன். மெமரி கார்டை, பழைய வினாத்தாளை ஒழிக்கிற வழக்கப்படி, நறுக்கி வேறு வேறு குப்பைத்தொட்டியில் போட்டேன். ஆகவே நீ மூலப் படத்தை உடனே இன்னொரு கார்டில் அனுப்பு.

இப்படிக்கு,
பெரிய மாப்பிள்ளை


மார்ச் 13

அண்ணே,

எந்த மூலப் படம்?

"உலகத்தில் ஒரே ஒரு பிரதி, அது என்னிடம்" என்று எழுதியது நீங்கள்தான். கடிதம் இதோ என் கையில் இருக்கிறது. மூன்று இடத்திலும் அழித்துவிட்டேன் என்று நான் எழுதியதும் உங்களிடம் இருக்கும், நீங்கள் எதையும் தூக்கிப் போடமாட்டீர்களே. கார்டை மட்டும் ஏன் தூக்கிப் போட்டீர்கள்?

போன் கடைக்கு ஓடினேன். ஒருத்தர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு சுத்தமா அழிச்சவங்களை நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அம்மா சிரிச்ச படம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. திருடன்கிட்ட இருந்து காப்பாத்துறேன்னு ரெண்டு பேரும் சேர்ந்து நீங்களே தொலைச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. இருபதாம் தேதி லிஃப்ட் சோதனை. கடைசிப் பக்கத்தை என்ன செய்வீர்களோ, நீங்களே செய்யுங்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சின்னவன்


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு நான் 'அன்புள்ள' என்று எழுதுவது இதுதான் முதல் தடவை என்று அக்கா சொல்கிறாள். இருக்கலாம்.

நீ இல்லாததால் நடந்ததை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெறும் விடைத்தாளுக்கு மதிப்பெண் கிடையாது, தப்பாக எழுதியதற்கு ஏதோ கொஞ்சம் போடுவார்கள். எனவே இருந்ததை ஒட்டினேன். மங்கிய நீல முகம். அதன்மேல் காதுக்குக் காது பளபளவென்று ஒரு வாய். அக்கா பார்த்துவிட்டு, "இதை எங்கம்மாகிட்ட குடுத்தீங்கன்னா அவங்க உங்களை மருமகன்னே சொல்லமாட்டாங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறந்தநாளன்று குடும்பம் முழுக்க அத்தை வீட்டு ஹாலில் கூடியிருந்தது. நான் வாசலிலேயே நின்று எல்லோருடைய போனையும் வாங்கி, ஒரு பையில் போட்டு, கட்டி, அரக்கு வைத்தேன். ஆல்பத்தைப் படம் எடுத்து யாரும் எங்கேயும் போட்டுவிடக் கூடாதல்லவா.

அத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். எல்லாப் படத்திலும் மூடிய உதடு. பார்க்கும்போதும் மூடிய உதடு. கடைசிப் பக்கம் வந்தது. உன் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை ஆல்பத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். பிறகு தியேட்டரில் டாக்டரைக் கேட்கிற குரலில் கேட்டார்கள்.

"இந்த ஆபரேஷன் யார் பண்ணது?"

"நான்தான் அத்தை" என்று எழுந்து நின்றேன்.

"தையல் சரியில்ல மாப்பிள்ளை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாக்கு, வினாத்தாள் முறை, இரண்டு கம்பெனி, அலுவலகத்தில் கோப்பு எண் விழுந்த வாய், பல் மருத்துவர் தள்ளுபடி, நறுக்கிய கார்டு. படம் இனி இல்லை என்றும் சொன்னேன். குற்றம் முழுக்க என்னுடையது, தம்பி மேல் கோபப்படாதீர்கள் என்றும் சொன்னேன். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சொல்லி முடித்ததும் மறுபடி படத்தைப் பார்த்தார்கள். இடது மூலையில் விரலை வைத்தார்கள்.

"அதெல்லாம் சரி. இங்க ஒரு கால் இருக்கணுமே. கால் எங்க?"

அத்தைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, தம்பி. கட்டம் போட்ட சாக்ஸ் வரைக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

"பீரோவுல இருக்கு அத்தை. சீல் வெச்சிருக்கேன்" என்றேன்.

அவ்வளவுதான். அத்தை சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆல்பம் கனம். இரண்டு கையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கை வாய்க்குப் போகவில்லை. நீ படத்தில் பார்த்ததுபோல் தலையைப் பின்னால் சாய்த்து, அந்தப் பல்லும் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பெண்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். என் அனுபவத்தில் முதல் தடவையாக, ஒன்றுக்குச் சீல் வைத்ததற்காக வருந்தினேன். அத்தனை போனும் பைக்குள் கிடந்தன. எனக்கும் கண் கலங்கியது. ஏன் என்று கேட்காதே.

சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்கள். "சின்ன வயசுல யாரோ ஒருத்தர், வாயை மூடிக்கிட்டா நீ லட்சணமா இருக்கேன்னு சொன்னாங்க. அன்னையில இருந்து மூடினதுதான். இதை இவ்வளவு பெருசாப் பார்த்ததுக்கு அப்புறம், என் சொந்தப் பல்லு எனக்குச் சின்னதாத்தான் தெரியுது."

மறுநாள் கால் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் கையாலேயே அரக்கை உடைத்து, மூலையில் ஒட்டிக் கொடுத்தேன். நீல முகம், பளபள வாய், பச்சைக் கால். அதைச் சட்டம் போட்டு ஹாலில், கதவுக்கு எதிரே மாட்டியாகிவிட்டது. சட்டம் போட்டது எதிர்வீட்டு ஸ்டூடியோக்காரர்தான். அத்தையே அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், அவர் மனைவி வந்தார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். வருகிற ஒவ்வொருவருக்கும் அத்தை முதலிலிருந்து கதை சொல்கிறார்கள். கால் வரும் இடத்தில் அவர்களுக்கே சிரிப்புத் தாங்குவதில்லை. கை சும்மா மடியில் கிடக்கிறது.

படம் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. வெளியில் இருப்பவர்கள்தான் உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள். உன் வாக்கு காப்பாற்றப்பட்டது.

உன் வீட்டுக்காரிக்கு உன்மேல் இப்போது கோபம் இல்லை. இருக்கிற கோபமெல்லாம் என்மேல்தான், அதுவும் தேய்ந்துகொண்டு வருகிறது. லீவு கிடைத்ததும் கிளம்பி வா. வரும்போது போனைக் கொண்டு வா, வாசலில் வாங்க மாட்டேன். அத்தையைப் புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டுமாம். இந்தத் தடவை மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வைக்கப் போகிறோம். நான் எதையும் வெட்டமாட்டேன்.

ஆனால் கேமராவைக் காட்டினால் சிரிப்பு வராது என்று அத்தை சொல்கிறார்கள். அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை அவர்கள் இன்னும் தூக்கிப் போடவில்லை. நீ வருகிற அன்று நான் டீயோடு அதில் உட்காருகிறேன்.

அன்புடன்,
அரக்கு அண்ணன்